வியாழக்கிழமை மாலை ஜானுக்கு: ஒரு தாய் பத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் கற்பித்த விதம்

1732 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டிலிருந்து ஒரு மகன் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு அப்போது 28 வயது. அபிஷேகம் பெற்ற குருவானவர், கல்லூரி ஆசிரியர், கிரேக்கமும் லத்தீனும் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவர் அம்மாவிடம் கேட்டது இதுதான்: சின்ன வயதில் வியாழக்கிழமை மாலைகளில் எனக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கினீர்களே, அதில் ஒரு சிறு பகுதியை இப்போதும் எனக்காக ஒதுக்க முடியுமா? அன்று அது என் அறிவுக்கு உருக்கொடுத்தது, இன்று என் இருதயத்தைத் திருத்த உதவும்.

மகன் பெயர் ஜான் வெஸ்லி, மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கத்தைத் தொடங்கியவர். அம்மா சூசன்னா வெஸ்லி. அந்த வியாழக்கிழமைகள் நடந்தபோது ஜானுக்கு எட்டு வயது.

நம் சபைகளில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் சூசன்னாவின் பெயர் வராமல் இருக்காது. பத்தொன்பது பிள்ளை பெற்றவர், பிரம்பைப் பிடித்து வளர்த்தவர், அதனால்தான் ஜானும் அவர் தம்பி சார்லசும் தேவமனிதர்கள் ஆனார்கள் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பிள்ளைகள், திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராகச் சேர்க்கும் சடங்கு) முடிந்த கையோடு ஆலயத்துப் பக்கமே வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். என்ன குறை வைத்தோம் என்ற கேள்வியோடுதான் சூசன்னாவின் கடிதங்களைத் தேடிப் படித்தேன். பிரசங்கத்தில் கேட்டதும் படித்ததும் ஒன்றாக இல்லை. பிரம்பு அங்கே இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தது வேறு ஏதோ.

வீட்டின் நிலை

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற சிற்றூர். சூசன்னாவின் கணவர் சாமுவேல் வெஸ்லி அங்கே குருவானவர். படித்தவர், கவிதை எழுதுபவர், பணத்தைக் கையாளத் தெரியாதவர். 1705-இல் 30 பவுண்டுக்கும் குறைவான ஒரு கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். யார்க் பேராயர் சூசன்னாவிடம் "எப்போதாவது ரொட்டியே இல்லாமல் இருந்தது உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் பதில் சொன்னார் சூசன்னா. ஆனால் சாப்பிடும் முன் அதைச் சம்பாதிக்கப் பட்ட பாடும், சாப்பிட்ட பின் அதன் கடனை அடைக்கப் பட்ட பாடும் சேர்ந்து அந்த ரொட்டியையே கசப்பாக்கிவிட்டன என்றார்.

பத்தொன்பது பிள்ளைகளில் பத்துப் பேர்தான் பிழைத்தார்கள். ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். ஒன்பது சின்னச் சவப்பெட்டிகளைப் பார்த்த தாய் அவர். பின்னாளில் எழுதியதை எல்லாம் இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பிள்ளையின் ஆத்துமா என்று அவர் சொல்லும்போது அது நாளைக்குத் தள்ளிப்போடக்கூடிய விஷயமாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டின் ஒழுங்கு

ஜான் கேட்டுக்கொண்டதன் பேரில், தன் வளர்ப்பு முறையை விவரித்து 1732 ஜூலை 24 அன்று சூசன்னா ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அவர் வளர்ப்பைப் பற்றி நமக்கு இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான்.

ஒரு வயதிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பிள்ளைகள் பழக்கப்பட்டார்கள் என்று அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் அடக்க வேண்டும், அதுவே பக்திக்கு அஸ்திவாரம் என்பது அவர் நம்பிக்கை. இதை நான் ஏற்கவில்லை. ஒரு வயதுக் குழந்தை எதற்கு அழுகிறது என்று அதற்கே தெரியாது. அந்த அழுகையை அடக்கினால் குழந்தை பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும், தேவனை அல்ல. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிரம்பில்லாத வீடு அபூர்வம் என்பது சரிதான். அதற்காக இதை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொன்றை நம் பிரசங்கங்கள் விட்டுவிடுகின்றன. சித்தத்தை அடக்குவது சீக்கிரம் முடிய வேண்டிய வேலை, புரியவைப்பதோ காலம் எடுக்கும் வேலை, பிள்ளை தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்லத்தான் செய்ய வேண்டும் என்கிறார். முதல் பாதி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாம் பாதிக்காகவே அந்தத் தாய் தன் வாழ்க்கையின் இருபது வருடங்களுக்கு மேல் கொடுத்தார்.

பேச்சு வந்தவுடன் பரமண்டல ஜெபம், எழும்போது ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை. அப்புறம் அப்பா அம்மாவுக்காக ஒரு சின்ன ஜெபம், வளர வளரக் கொஞ்சம் ஞானோபதேசம் (கேள்வி பதிலாகக் கற்பிக்கும் விசுவாசப் பாடம்), சில வசனங்கள். முழங்கால் போடவோ பேசவோ தெரியாத குழந்தைகூடக் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு சைகையால் ஆசீர்வாதம் கேட்கும். ஓய்வுநாள் மற்ற நாள் போல அல்ல என்பது வார்த்தை புரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எழுத்து கற்பித்த விதத்தை அவர் எழுதியிருப்பதைப் படித்தால் அந்த அறை கண்முன் வருகிறது. கெஸ்ஸி என்ற மகள் ஒருத்தியைத் தவிர, ஐந்து வயது நிறையும் வரை யாருக்கும் எழுத்து கிடையாது. பிறந்தநாளுக்கு மறுநாள்தான் பாடம். முந்தின நாளே வீடு ஒழுங்காகிவிடும், ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை சொல்லப்பட்டுவிடும். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை அந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது. அம்மா, ஐந்து வயதுப் பிள்ளை, 26 எழுத்து. பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். மோலிக்கும் நான்சிக்கும் மட்டும் ஒன்றரை நாள் ஆனது. மூத்தவன் சாமுவேல் சில மணி நேரத்திலேயே கற்றுக்கொண்டான். எழுத்து தெரிந்ததும் அரிச்சுவடி கிடையாது, நேராக ஆதியாகமம் முதல் அதிகாரம். "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டி, தடுமாறாமல் வரும்வரை வாசித்து, அதற்குப் பிறகே அடுத்த வார்த்தை.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆறு மணி நேரம் அதிகம் என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த நாளைப் பிள்ளையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். ஒரு பட்டாளமே இருக்கும் வீட்டில், வாழ்க்கையில் முதல் முறையாக அம்மா நாள் முழுக்க அவனுக்கு மட்டும். வேதவசனம் அந்தப் பிள்ளைக்கு அறிமுகமாவதே அந்த நாளில்தான்.

அவரது பொறுமையைப் பற்றி ஜான் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். "அந்த மண்டுக்கு ஒரே விஷயத்தை இருபது தடவை எப்படித்தான் சலிக்காமல் சொல்கிறாய்?" என்று அப்பா கேட்டாராம். "பத்தொன்பது தடவையோடு நிறுத்தியிருந்தால் என் உழைப்பு அத்தனையும் வீணாகியிருக்குமே" என்றாராம் அம்மா.

எட்டுச் சட்டங்கள்

கடிதத்தின் முடிவில் வீட்டுச் சட்டங்கள் எட்டு வருகின்றன. என்னை அதிகம் யோசிக்க வைத்தது முதல் சட்டம். தப்பு செய்த பிள்ளை தானாக ஒத்துக்கொண்டு, இனிச் செய்யமாட்டேன் என்று சொன்னால் அடி கிடையாது. காரணத்தையும் சொல்கிறார்: அடிக்குப் பயந்துதான் பிள்ளைகள் பொய் சொல்லத் தொடங்குகிறார்கள், பிறகு அதுவே பழக்கமாகி ஒட்டிக்கொள்கிறது.

இதைப் படித்துவிட்டு என் வகுப்பில் செய்து பார்த்தேன். வகுப்பு வேதாகமத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. முன்பெல்லாம் எல்லாரையும் நிற்க வைத்து "யார் கிழிச்சது?" என்று கேட்பேன், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அன்று அப்படிக் கேட்கவில்லை. தனியாக வந்து உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனை இல்லை, வீட்டுக்கும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். வகுப்பு முடிந்து குழாயடியில் சாக்பீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து பக்கத்தில் நின்றான். "டீச்சர், நான்தான்." இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தை டேப் போட்டு ஒட்டினோம். அது யோனா புத்தகம். ஒட்டிக்கொண்டே அவன் கேட்டான்: "யோனா ஓடிப்போனதுக்கு அப்புறமும் கடவுள் அவர்கிட்ட பேசினாரா டீச்சர்?" பரீட்சைக்காக யோனாவை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை யோனாவைப் பற்றித் தன் சொந்தக் கேள்வியைக் கேட்டது அன்றுதான்.

மற்ற சட்டங்களும் அதே போக்கில்தான் போகின்றன. பொய், திருட்டு, சண்டை, கீழ்ப்படியாமை கண்டும் காணாமல் விடப்படாது. ஆனால் ஒரே தப்புக்கு இரண்டு முறை திட்டோ அடியோ கிடையாது. திருந்திவிட்டால் அதை மறுபடி சொல்லிக்காட்டவே கூடாது. தன் விருப்பத்தை விட்டுக்கொடுத்துக் கீழ்ப்படிந்த பிள்ளையைக் கட்டாயம் பாராட்ட வேண்டும், பலமுறை பரிசும் தர வேண்டும். சந்தோஷப்படுத்த நினைத்துச் செய்த வேலை சரியாக வராவிட்டாலும் அந்த எண்ணத்தை அன்போடு ஏற்றுக்கொண்டு, எப்படிச் செய்வது என்று இதமாகச் சொல்லித்தர வேண்டும். அடுத்தவர் பொருள் ஒரு குண்டூசி என்றாலும் தொடக்கூடாது. கொடுத்த வாக்கு வாக்குதான். கடைசிச் சட்டம் பெண்பிள்ளைகளுக்கானது: நன்றாக வாசிக்கத் தெரியும் வரை எந்தப் பெண்ணுக்கும் தையல் கற்றுத்தரக்கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தாய் இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்.

இந்தச் சட்டங்களில் பல பெரியவர்களையும் கட்டுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லிக்காட்டாதே, வாக்கு மாறாதே, எண்ணத்தைப் பார் என்பதெல்லாம் பிள்ளைக்கு இட்ட கட்டளைகள் அல்ல, அம்மா அப்பா தங்களுக்கே இட்டுக்கொண்டவை. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயர் நிருபத்தில் வருவது ஒரு வீட்டில் நடைமுறைக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

தீயும் அதற்குப் பின்னும்

1709 பிப்ரவரி 9 இரவு வீடு தீப்பிடித்தது. எல்லாரும் வெளியேறிய பிறகுதான் ஐந்து வயது ஜான் மாடியில் சிக்கிக்கொண்டது தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாகப் பிள்ளையை இறக்கினார்கள். "அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி" என்ற சகரியாவின் வசனத்தை ஜான் கடைசி வரை தன்மேல் ஏற்றிச் சொல்லிக்கொண்டார்.

இந்தத் தீ வழக்கமாகச் சாட்சியாக மட்டுமே சொல்லப்படும். எனக்கு அதன் பின்விளைவுதான் முக்கியமாகப் படுகிறது. வீடு கட்டி முடியும் வரை பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில் தங்கினார்கள். திரும்பி வந்தபோது அம்மா பார்த்தது வேறு பிள்ளைகளை. கெட்ட பாட்டுகள், முரட்டுப் பேச்சு, ஓய்வுநாள் என்ற எண்ணமே இல்லாத போக்கு. ஒரு வயதிலிருந்து பிரம்பு சாதித்ததாக நினைத்ததில் பெரும்பங்கு, இடம் மாறிய கொஞ்ச காலத்திலேயே கரைந்துவிட்டது. இதையும் சூசன்னா மறைக்கவில்லை.

அதன் பிறகு அவர் செய்த மாற்றங்களைப் பாருங்கள். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடும் வழக்கம் வந்தது. மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை, பேசத் தெரிந்த கடைசிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் அன்றைய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டும். இரண்டாவது பிள்ளை, கடைசிக்கு முந்தினதை. இப்படியே ஜோடி ஜோடியாக. காலையில் பழைய ஏற்பாடு. பெரிய பிள்ளைகள் வேதத்தைச் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். தன்னை விட்டுப் பிரிந்திருந்த மகள் சூக்கிக்கு விசுவாசப் பிரமாணத்தை வரி வரியாக விளக்கி 1710 ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினார். நேரில் பேச முடியாத நிலையில் தாயின் கடமையை எழுத்தால்தான் செய்ய முடியும் என்று அதில் சொல்கிறார். பத்துக் கட்டளைகளுக்கும் விளக்கம் எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் வாயால் ஒப்பித்துக்கொண்டிருந்ததன் பொருளைத் தனித்தனியாக உட்கார்ந்து அவர்களுக்காக எழுதிக்கொடுத்த தாய்!

தரங்கம்பாடியிலிருந்து போன செய்தி

இந்த இடத்தில்தான் கதைக்குள் நம் கடற்கரை வருகிறது. முதலில் படித்தபோது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1706 ஜூலை 9 அன்று டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள், சீகன்பால்குவும் புளுட்சோவும், தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். தமிழ் கற்பதற்காக வயதான ஓர் உபாத்தியாயரையும் அவருடைய திண்ணைப் பள்ளியையும் தங்கள் இடத்துக்கே வரவழைத்தார்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதினார்கள். தொடக்க ஆண்டுகளிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். அவர்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் 1709-இல் ஆங்கிலத்தில் அச்சாகின.

அந்தப் புத்தகம் சாமுவேல் வெஸ்லியின் அறைக்கும் வந்து சேர்ந்தது. 1711-12 குளிர்காலத்தில் திருச்சபைப் பேரவைக்காக அவர் லண்டனில் இருந்தபோது, மூத்த மகள் எமிலி அதைக் கண்டெடுத்தாள். அம்மா அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டதும் பல நாட்களுக்கு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. 1712 பிப்ரவரி 6 அன்று கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: நான் ஆண் அல்ல, ஊழியக்காரியும் அல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்யலாமே. என் சொந்தப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுகிறேன். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பேட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும்.

ஜாக்கி என்பது ஜான்தான். அவர் ஆக்ஸ்போர்டிலிருந்து திரும்பக் கேட்ட வியாழக்கிழமை, தரங்கம்பாடி மணலில் இரண்டு பேர் விரலால் எழுதிய செய்தி கேட்டுப் பிறந்தது.

அப்போது ஹெட்டிக்கு 14 வயது, சார்லசுக்கு 4. பதினான்கு வயதுப் பெண்ணிடம் பேசியதை நான்கு வயதுப் பையனிடம் பேசியிருக்க முடியாது. கூட்டமாக உட்கார வைத்துச் சொல்லும் பாடத்தில் இது நடக்காது. குடும்ப ஜெபத்தில் பிள்ளை கேட்கிறது, ஒப்பிக்கிறது. தனியாக இருக்கும்போதுதான் "எனக்கு ஜெபம் பண்ணவே பிடிக்கலை" என்று சொல்ல அதற்கு வாய்ப்புக் கிடைக்கிறது. "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக்குறித்துப் பேசி" என்கிறது உபாகமம் ஆறாம் அதிகாரம். நாம் போதிப்பதை வைத்துக்கொண்டோம், பேசுவதை விட்டுவிட்டோம்.

அந்தப் பேச்சு எதில் முடிந்தது என்பதற்கு 1725-இல் சூசன்னா ஜானுக்கு எழுதிய இன்னொரு கடிதம் சாட்சி. எந்த இன்பம் பாவம், எது பாவமில்லை என்று 21 வயது மகன் கேட்கிறார். அம்மா பட்டியல் போடவில்லை. எது உன் பகுத்தறிவைப் பலவீனமாக்குகிறதோ, மனசாட்சியை மரத்துப்போக வைக்கிறதோ, தேவனைப் பற்றிய உணர்வை மங்கச் செய்கிறதோ, அது மற்றவர்களுக்கு எப்படியோ, உனக்குப் பாவம் என்கிறார். ஒரு வயதில் பிரம்பைக் காட்டிய அதே தாய், வளர்ந்த மகனிடம் அளவுகோலையே கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் கண்ணால் பார்த்த கீழ்ப்படிதல்

அதே 1711-12 குளிர்காலத்தில் ஞாயிறு மாலை குடும்ப ஜெபத்துக்குப் பக்கத்து வீட்டார் சிலர் வந்தார்கள். அப்புறம் இன்னும் சிலர். கடைசியில் சுமார் 200 பேர் அடுக்களையிலும் சுற்றிலும் நெருக்கியடித்து நின்றார்கள். உதவிக் குருவானவருக்குப் பிடிக்கவில்லை, லண்டனுக்கு எழுதிப்போட்டார். பெண் ஒருத்தி கூட்டம் நடத்துவது முறையல்ல என்று கணவரும் தயங்கினார். சூசன்னாவின் பதிலில் கோபம் இல்லை, பணிவு இருக்கிறது, ஆனால் வளைந்துகொடுக்கவில்லை. நிறுத்த வேண்டும் என்று விரும்புவதாக மட்டும் எழுதாதீர்கள், அது என் மனசாட்சிக்குப் போதாது. தெளிவான வார்த்தையில் கட்டளையாகவே அனுப்புங்கள். நீங்களும் நானும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நிற்கும்போது, நன்மை செய்யக் கிடைத்த வாய்ப்பை விட்ட குற்றம் என்மேல் இருக்கக்கூடாது. இப்படி எழுதினார்.

அந்த அடுக்களையில் எட்டு வயது ஜான் இருந்தார். கீழ்ப்படிதல் என்றால் என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் அவருக்கு யாரும் நடத்தியிருக்க முடியாது. அம்மா யாருக்குக் கீழ்ப்படிகிறார், எதற்காக, எந்த எல்லை வரை என்பதை அவர் நேரில் பார்த்தார். நம் பிள்ளைகள் நம்மிடம் இதைப் பார்க்கிறார்களா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொள்கிறேன். "பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்று நாம் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. நாம் யார் சொன்னால் கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

சட்டம் மட்டும் போன இடம்

1748-இல் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில் ஜான் வெஸ்லி ஒரு உறைவிடப் பள்ளி திறந்தார். தன் அம்மாவின் ஒழுங்கை இன்னும் இறுக்கினார். காலை நான்கு மணிக்கு எழ வேண்டும், விளையாட்டு கிடையாது, விடுமுறை கிடையாது, எப்போதும் ஓர் ஆசிரியர் கூடவே இருப்பார். அவர் எண்ணம் நல்லதுதான். ஆனாலும் அந்தப் பள்ளி தந்த சோதனைகளைப் பற்றித் தன் நாட்குறிப்பில் அவரே வருந்தி எழுதும்படி ஆனது. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. எப்வொர்த்தின் நேர அட்டவணையைக் கிங்ஸ்வுட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது, வியாழக்கிழமை மாலையைக் கொண்டுபோக முடியவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். எப்போதும் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளையோடு யாரும் தனியாக உட்கார்ந்து பேசுவதில்லை.

ஹெட்டி

இந்தக் கதையை இதோடு முடித்தால் அது நேர்மை ஆகாது. செவ்வாய்க்கிழமைப் பிள்ளை இருக்கிறாள்.

மெஹிட்டபெல், வீட்டில் ஹெட்டி. பிள்ளைகளிலேயே கூர்மையானவள் என்று பெயர். எட்டு வயதில் கிரேக்கத்தில் புதிய ஏற்பாடு வாசித்தாளாம். நல்ல கவிஞர், பின்னாளில் அவர் கவிதைகள் அச்சிலும் வந்தன. அவள் விரும்பிய ஒரு வழக்கறிஞரை அப்பா ஏற்கவில்லை. 1725-இல் அவரோடு வீட்டை விட்டுப் போனாள். அவர் அவளைக் கல்யாணம் செய்யவில்லை. கர்ப்பிணியாகத் திரும்பி வந்தாள். அதே ஆண்டு அக்டோபரில், அவளோடு எந்தப் பொருத்தமும் இல்லாத ஈயக்குழாய் வேலைக்காரர் ஒருவருக்கு அவசரமாக மணமுடித்து வைக்கப்பட்டாள். குழந்தை பிழைக்கவில்லை. அதன் பிறகு பிறந்த குழந்தைகளும் தங்கவில்லை. அப்பா கடைசி வரை மனம் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அவள் எழுதிய கடிதங்கள் அவரை அசைக்கவில்லை. அம்மாவும் அந்த நாட்களில் அவளிடம் கடுமையாகவே இருந்தார்.

ஒத்துக்கொண்டால் தண்டனை இல்லை, திருந்தியதைச் சொல்லிக்காட்டக்கூடாது என்று வீட்டுக்குச் சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு குண்டூசி விஷயத்தில் கைக்கொண்ட அந்தச் சட்டத்தை, மகளின் வாழ்க்கையே உடைந்து நின்றபோது கைக்கொள்ள முடியவில்லை. இதை எழுதும்போது சூசன்னாவின் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை, ஆனால் மனம் கனக்கிறது. பிள்ளை கீழ்ப்படிகிற வரைக்கும் நம் அன்பு தேவனுடைய அன்பைப் போலவே தெரியும். கீழ்ப்படியாத நாளில்தான் அது யாருடையது என்று வெளிப்படும். நம் ஊரில் மகள் வேறு சாதியில், வேறு சபையில் ஒருவரை விரும்பிவிட்டாள் என்பதற்காகக் கதவைச் சாத்திய விசுவாச வீடுகளை நான் அறிவேன். அவள் சிறுமியாக இருந்தபோது வசனப் போட்டியில் வாங்கிய கோப்பைகள் அந்த வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கின்றன.

எப்வொர்த் குடும்பத்தில் சட்டத்தை நினைவில் வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. 1726 ஆகஸ்டில், அப்பாவின் பொறுப்பில் இருந்த ரூட் என்ற ஊர் ஆலயத்தில், பிறரைத் தீர்ப்பிடுவதற்கு எதிராக, தவறியவர்களுக்கும் அன்பு காட்டச் சொல்லி ஜான் ஒரு பிரசங்கம் செய்தார். ஹெட்டிக்காகத்தான் பேசுகிறார் என்பது கேட்ட அப்பாவுக்குப் புரிந்தது, மனம் புண்பட்டது. அப்பாவிடம் ஜான் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார், ஆனால் அக்காவின் பக்கத்திலிருந்து விலகவில்லை.

சூசன்னா 1742 ஜூலையில் லண்டனில் இறந்தார். தன் ஆவி பிரிந்ததும் சங்கீதம் பாடித் தேவனைத் துதியுங்கள் என்று சொல்லியிருந்தார். படுக்கையைச் சுற்றி நின்ற ஜானும் சகோதரிகளும் அப்படியே பாடினார்கள். அம்மாவின் 1732 கடிதத்தை ஜான் தன் நாட்குறிப்பில் சேர்த்து வெளியிட்டதால்தான் நாம் இன்று அதைப் படிக்கிறோம்.

ஹெட்டி தன் கடைசி ஆண்டுகளில் சகோதரர்களின் ஜெபக்கூட்டங்களுக்கு வந்தார். சின்ன வயதில் செவ்வாய்க்கிழமைகளில் கேட்ட விசுவாசம் அவரை விட்டுப் போயிருக்கவில்லை, வீடுதான் விட்டுவிட்டிருந்தது. 1750 மார்ச்சில் அவர் சாகக் கிடந்தபோது சனிக்கிழமைப் பிள்ளை சார்லஸ் போய்ப் பார்த்தார், ஜெபித்தார். அக்காவை அமைதியான கல்லறை வரை பின்தொடர்ந்து போனதாகவும், அழுகிறவர்களோடு தானும் அழுததாகவும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.